இரவல் கொடுத்த ஆரம் அடகில் இருக்கிறது: சட்டத்தில் என்ன வழி?

கேட்டவர் சொன்ன விவரம் இதுதான். 2023 ஆவணியில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். பெண்ணுக்குப் போட நகை குறைகிறது என்று இவருடைய ஐந்து சவரன் ஆரத்தை நாத்தனார் இரவல் வாங்கிப் போனார். "மறுவீடு முடிஞ்சதும் கொண்டாந்து கொடுத்துடறேன் அண்ணி" என்பதுதான் பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. மறுவீடு முடிந்தது, தலைதீபாவளி முடிந்தது, வளைகாப்பும் முடிந்தது, ஆரம் வரவில்லை. 2025 சித்திரையில்தான் அது அடகில் இருப்பது உறவுக்காரர் ஒருவர் வாயால் தெரியவந்தது. போலீசுக்குப் போகலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா, எழுத்து இல்லாமல் கேஸ் நிற்குமா, மூன்று வருஷம் ஓடிவிட்டால் எல்லாம் போச்சா என்று கேட்டிருக்கிறார்.

கேஸ் நிற்கும். எழுத்து இல்லாதது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய குறை இல்லை. எனக்குக் கவலை தருவது வேறு: நீங்கள் இதுவரை ஒருமுறைகூட முறையாகத் திருப்பிக் கேட்கவில்லை. விசேஷ வீடுகளில் ஜாடையாகச் சொன்னது, கணவரை விட்டுக் கேட்கச் சொன்னது, மாமியார் காதில் போட்டு வைத்தது, இதையெல்லாம் நாளைக்கு அவர்கள் "கேட்கவே இல்லையே" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். முன்சீப் கோர்ட்டும் சார்பு நீதிமன்றமுமாக இருபது வருஷத்துக்கு மேல் அலைந்தவன் நான். இரவல் சம்பந்தப்பட்ட வழக்குகளில் பலவும் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

முதலில் இரவல் என்றால் சட்டத்தின் கண்ணில் என்ன என்று பார்த்துவிடலாம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-ம் பிரிவு, ஒரு காரியத்துக்காகப் பொருளை ஒப்படைப்பதையும், காரியம் முடிந்ததும் அதே பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஒரு ஒப்பந்தமாகவே பார்க்கிறது. பத்திரம், முத்திரைத்தாள், சாட்சிக் கையெழுத்து எதையும் அது கேட்கவில்லை. வாசற்படியில் நின்று பேசிய பேச்சே போதும்.

இதில் "அதே பொருள்" என்பதுதான் முக்கியம். பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்குச் சர்க்கரை வாங்கினால் அதே சர்க்கரையை யாரும் திருப்பித் தருவதில்லை. அளவு சரியாக இருந்தால் போதும். இப்படி அளந்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பதற்குக் குறளிலேயே ஒரு சொல் உண்டு, குறியெதிர்ப்பை. கைமாற்றாக வாங்கும் பணமும் அந்த ஜாதிதான். கைமாற்றில் கொடுத்த நோட்டு வாங்கியவருடையதாகிவிடுகிறது, கொடுத்தவர் கடன் பாக்கிக்காக வரிசையில் நிற்க வேண்டியதுதான். இரவலில் அப்படி இல்லை. ஆரம் கொடுத்த அன்றும் உங்களுடையது, இன்றைக்கும் உங்களுடையது. நாத்தனார் வெறுமனே அதைக் கையில் வைத்திருந்தவர். "அஞ்சு சவரனுக்கு என்ன காசோ தர்றேன், கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கோ" என்று அவர் சொன்னால், அதற்குச் சம்மதிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. சம்மதித்து எழுதிக் கொடுத்துவிட்டால் இரவல் கடனாக மாறிவிடும், அப்புறம் ஆரத்தைக் கேட்க முடியாது. ஒரு வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தால் இப்படி நகையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தச் சட்டத்தில் இந்தப் பகுதி படிக்கவே சுவாரசியமாக இருக்கும். பிரிவுகளுக்குக் கீழே குட்டிக் குட்டி உதாரணங்கள். நீ மட்டும் சவாரி செய் என்று ஒருவர் குதிரையை இரவல் தருகிறார். வாங்கியவர் வீட்டு ஆள் ஒருவர் ஏறுகிறார், ஜாக்கிரதையாகத்தான் ஓட்டுகிறார், தற்செயலாகக் குதிரை விழுந்து அடிபடுகிறது. நஷ்டத்தை யார் கொடுப்பது? இரவல் வாங்கியவர்தான் என்கிறது 154-ம் பிரிவு. சொன்ன காரியத்தைத் தாண்டிப் பயன்படுத்தினாலே பொறுப்பு வந்துவிடுகிறது. கல்யாணத்தில் போட என்று வாங்கியதை அடகு வைப்பது இதைவிடப் பல படி மேல். இன்னொன்று, ஒருவர் தன் பசுவை வேறொருவர் பொறுப்பில் விட்டுப் போகிறார், அங்கே அது கன்று போடுகிறது. பசுவோடு கன்றையும் சேர்த்துத்தான் தர வேண்டும், இது 163-ம் பிரிவு. நம் கிராமத்துப் பஞ்சாயத்தும் இதைத்தான் சொல்லும்.

உங்களுக்கு நேராக உதவுவது மூன்று பிரிவுகள். கூலி வாங்காமல் சும்மா இரவல் கொடுத்தவர், தவணை சொல்லியிருந்தாலும்கூட எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம் என்கிறது 159. அந்தத் தவணையை நம்பி வாங்கியவர் ஏதாவது செய்துவிட்டு, பாதியில் திருப்பித் தருவதால் அவருக்கு லாபத்தைவிட நஷ்டம் அதிகம் வந்தால் மட்டும் ஈடு செய்ய வேண்டும். உங்கள் விஷயத்தில் அதற்கு வேலையே இல்லை. தவணை முடிந்தால் கேட்காமலே திருப்பித் தர வேண்டும் என்கிறது 160. அப்படித் தராமல் வைத்திருந்து, பிறகு பொருள் தொலைந்தாலும் கெட்டாலும் பொறுப்பு வைத்திருந்தவருக்கே என்கிறது 161. "பீரோவை உடைச்சுத் திருடிட்டுப் போயிட்டான், நான் என்ன பண்றது" என்பது மறுவீட்டுக்கு முந்தின நாள் வரைக்கும் செல்லலாம். அதற்கு அப்புறம் செல்லாது.

இனி நாள் கணக்கு. காலவரையறைச் சட்டம் 1963-ல் வந்தது. அசையும் பொருளை மீட்கும் வழக்குக்கு அது தருவது மூன்று வருஷம். எந்த நாளிலிருந்து மூன்று வருஷம் என்பதில்தான் சண்டை. ஒப்படைத்து வைத்த பொருள் என்றால், திருப்பிக் கேட்டு, எதிராளி மறுத்த நாளிலிருந்து. அந்தச் சட்டத்தின் அட்டவணையில் 70-வது இனம் இதைச் சொல்கிறது. நேர்மையில்லாமல் கைமாற்றப்பட்ட பொருள் என்றால், அது யாரிடம் இருக்கிறது என்று உரிமையாளருக்குத் தெரிந்த நாளிலிருந்து; இது 68-வது இனம். உங்கள் கணக்கில் அது 2025 சித்திரை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். "மறுவீடு முடிந்ததும் என்று தவணை இருந்தது, அன்றைக்கே வைத்திருப்பது சட்டவிரோதமாகிவிட்டது, அங்கிருந்து எண்ணுங்கள்" என்பார். அந்தக் கணக்குப்படி 2026 ஆவணி, புரட்டாசியோடு கெடு முடிகிறது. இரண்டு கணக்கில் எது சரி என்று வாதாடி ஜெயிக்கலாம்தான். ஆனால் வாதாடவே அவசியமில்லாமல் முந்தின கெடுவுக்குள் வழக்கைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். கெடு தாண்டினால் வழக்குப் போடும் வழி மட்டுமல்ல, அந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவின்படி பொருள் மீதான உரிமையே அணைந்துபோகும். இதற்கிடையில் நாத்தனார், நகை என்னிடம்தான் இருக்கிறது, தருகிறேன் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், 18-ம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும். கெடுவுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸ் என்றதும் ஊரைக் கூட்டிச் சண்டை போடுவதுபோல நினைக்கிறார்கள். அது உண்மையில் தேதி போட்டுக் கேட்பது, அவ்வளவுதான். வீராவேசம் எதுவும் வேண்டாம். இப்படி நாலு வரி போதும்: "எமது கட்சிக்காரருக்குச் சொந்தமான, 39.240 கிராம் எடையுள்ள, சிவப்புக்கல் பதித்த மயில் பதக்கத்துடன் கூடிய தங்க ஆரம் ஒன்றைத் தாங்கள் தங்கள் மகளின் திருமணத்தை முன்னிட்டு இரவலாகப் பெற்றுக்கொண்டு, மறுவீடு முடிந்ததும் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டீர்கள். இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் மேற்படி ஆரத்தை எமது கட்சிக்காரரிடம் ஒப்படைக்க வேண்டியது." எடையையும் வடிவத்தையும் ரசீதில் உள்ளபடியே எழுதுங்கள். ஐந்து சவரன் என்றால் நாற்பது கிராம். ரசீதில் 39 கிராம் சொச்சம் இருந்தால் அந்தச் சொச்சத்தையே எழுதுங்கள். ஒருவர் கோபத்தில் ஐந்தை ஏழாக்கி நோட்டீஸ் விட்டார். பின்னால் ரசீது வந்தபோது குறுக்கு விசாரணை முழுக்க அந்த இரண்டு சவரனைச் சுற்றியே நடந்தது. ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், வாங்க மறுத்தாலும் கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

சாட்சியத்துக்கு வருவோம். சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று கோர்ட் பார்க்கும். நகை உங்களுடையது, அது அவர் கைக்குப் போனது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். முதலாவதற்கு வாங்கிய ரசீது, உங்கள் கல்யாண ஆல்பத்தில் அதே ஆரத்தோடு நீங்கள் நிற்கும் படம், பாலிஷ் போட்ட கடைச் சீட்டு. சமீபத்தில் வாங்கிய நகை என்றால் இன்னும் சுலபம். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு ஆறு எழுத்து, எண் கொண்ட ஹெச்.யு.ஐ.டி. குறியீடு கட்டாயம், ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. ரசீதில் அது இருந்தால் ஆரத்துக்கு ஆதார் அட்டை இருப்பதுபோல. இரண்டாவதற்கு, நாத்தனார் மகள் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள். முகூர்த்தத்தில் மணப்பெண் கழுத்தில் உங்கள் மயில் பதக்கம் தெரிகிறதா? அந்த ஒரு படம் பத்து சாட்சிக்குச் சமம்.

வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் திருப்பித் தந்துடறேன் அண்ணி" என்று ஏதாவது வந்திருந்தால் தொட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டுப் போனை மாற்றிவிடுகிறார்கள், அது தப்பு. மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பாகம் தாக்கல் செய்பவரும் இன்னொரு பாகம் நிபுணரும் கையெழுத்திட வேண்டியது. மூலப் போன் கையில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஆடியோ மெசேஜையும் அழிக்காதீர்கள்.

நகைக்கு இவ்வளவு என்றால் பாத்திரத்துக்கு என்ன செய்வது என்று ஒருமுறை கேட்டார்கள். நம் வீடுகளில் அதற்கான ஏற்பாடு எப்போதோ செய்துவிட்டார்கள், பெயர் வெட்டுவது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய பித்தளை அண்டா வழக்கு. காதுகுத்துக்கு இரவல் போனது, வரவில்லை. "எங்க பாட்டி சீர்" என்று எதிர்த்தரப்பு சாதித்தது, வாய்ப்பக்கம் அவர்கள் எழுத்தும் புதிதாக வெட்டியிருந்தது. கோர்ட் வராந்தாவில் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, எங்கள் கட்சிக்காரரின் அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், மடியிலிருந்து புளியை எடுத்து அடிப்பக்கம் தேய்க்க ஆரம்பித்தார். கரி போகப் போக, புள்ளி புள்ளியாக இரண்டு எழுத்தும் ஒரு வருஷமும் தெரிந்தது. அவர் கல்யாணமான வருஷம். எதிர்த்தரப்பு வக்கீல் என் பக்கம் திரும்பி, "அண்ணே, பேசி முடிச்சிடலாம்" என்றார்.

போலீஸ் விஷயம் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையில்லாமல் தன் காரியத்துக்கு மாற்றிக்கொள்வது குற்றம்தான், நம்பிக்கை மோசடி என்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 406-ம் பிரிவு, மூன்று வருஷம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ம் பிரிவு, ஐந்து வருஷம் வரை. எது உங்களுக்குப் பொருந்தும்? நகையைக் கொடுத்த தேதியைப் பார்க்கக் கூடாது, அடகு வைத்த தேதியைப் பார்க்க வேண்டும். 2024 ஜூலைக்கு முன் வைத்திருந்தால் பழைய சட்டம், மூன்று வருஷத்துக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்ற கெடுவும் உண்டு. அதற்கு அப்புறம் வைத்திருந்தால் புதிய சட்டம், அந்தக் கெடு கிடையாது. அடகுச் சீட்டில் இருக்கும் ஒரு தேதி இவ்வளவு வேலை செய்கிறது.

புகாரில் பலரும் ஏமாற்று என்று ஒரு பிரிவையும், நம்பிக்கை மோசடி என்று இன்னொன்றையும் சேர்த்தே எழுதித் தருகிறார்கள். இரண்டும் ஒன்றாக நிற்காது என்று 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருக்கிறது. ஏமாற்று என்றால் வாங்கும்போதே கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும். நம்பிக்கை மோசடியில் வாங்கும்போது நல்லபடியாக வாங்கி, பின்னால் புத்தி மாறுகிறது. நாத்தனார் கல்யாணத்துக்கென்று வாங்கினார், கல்யாணத்தில் போடவும் செய்தார். ஆகவே உங்கள் கதை இரண்டாவது வகை, அதை மட்டும் எழுதுங்கள். வெறுமனே திருப்பித் தரத் தாமதித்தால் அது குற்றம் ஆகாது, அடகு வைத்ததுதான் இதைக் குற்றமாக்குகிறது. தண்டனைச் சட்டத்திலேயே இதற்கு அழகான ஒரு உதாரணம் இருக்கிறது: நண்பர் இல்லாத நேரத்தில் அவர் நூலகத்திலிருந்து, படித்துவிட்டுத் தரலாம், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்ற எண்ணத்தில் ஒருவர் புத்தகம் எடுத்துப் போகிறார். அது திருட்டு இல்லை. பின்னால் அதைத் தன் லாபத்துக்கு விற்றுவிட்டால் கையாடல்.

ஸ்டேஷனில் "இது குடும்பத் தகராறு, கோர்ட்டுக்குப் போம்மா" என்பார்கள். கோபப்படாதீர்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது; கடன் வசூலுக்குப் போலீசைப் பயன்படுத்தும் பழக்கத்தைச் சுப்ரீம் கோர்ட் பலமுறை கண்டித்திருக்கிறது. மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்று வருஷமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில், அதற்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. சி.எஸ்.ஆரோடு விசாரணைக்குக் கூப்பிட்ட அன்றே நகை வெளியே வந்த கேஸ்களும் உண்டு. ஆனால் நாத்தனாரை அன்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தால் அதற்கு அப்புறம் குடும்பத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் நோட்டீஸுக்குப் பதில் வராவிட்டால் மட்டுமே இந்தப் பக்கம்.

இதற்கிடையில் நீங்களே போய் அவர் பீரோவைத் திறந்து எதையாவது எடுத்துவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அத்துமீறி நுழைந்தார் என்று உங்கள் மேல் புகார் வரும். தன் பொருளையே ஒருவர் திருட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. அடகு வைத்த கைக்கடிகாரத்தைக் கடனைக் கட்டாமல் அடகு பிடித்தவரிடமிருந்து சொல்லாமல் எடுத்து வந்தால், அது சொந்தக் கடிகாரமாகவே இருந்தாலும் திருட்டு என்று சட்டமே உதாரணம் காட்டுகிறது.

சரி, அடகு பிடித்தவர் நிலை என்ன? இங்கே சட்டம் நன்றாகவே உங்கள் பக்கம். தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குத் தர முடியாது. வியாபார முகவர் தன் வழக்கமான தொழில் போக்கில் அடகு வைத்தால், நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு அது செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 178-ம் பிரிவு ஒரு விலக்குத் தருகிறது. உங்கள் நாத்தனார் வியாபார முகவர் இல்லை. தனக்குள்ள குறைந்த உரிமையின் அளவுக்கு மட்டும் அடகு செல்லும் என்கிறது 179; அவருக்கு இருந்த உரிமை கல்யாணத்தில் பெண்ணுக்குப் போடுவது, அதுவும் முடிந்துபோனது. இருந்தாலும் வங்கி மேலாளரோ அடகுக்கடைக்காரரோ உங்கள் பேச்சைக் கேட்டு நகையை எடுத்து நீட்டிவிட மாட்டார்கள். அடகு வைத்தவர் "என் சொந்த நகை" என்று கையெழுத்துப் போட்டிருப்பார். அவர்களுக்கு அவரைத்தான் தெரியும். அதனால் அவர்களுக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்: இந்த நகை என்னுடையது, ஏலம் விடக் கூடாது, அடகு வைத்தவரிடமும் என்னைக் கேட்காமல் தரக் கூடாது. வழக்கில் அவர்களையும் பிரதிவாதியாகச் சேர்த்து, ஏலத்துக்கு இடைக்காலத் தடை கேளுங்கள். வட்டி கட்டாமல் நகை மூழ்கி ஏலம் போய் உருகிவிட்டால், சட்டம் எவ்வளவுதான் உங்கள் பக்கம் இருந்தாலும் மயில் பதக்கம் திரும்பாது. போலீஸ் கைப்பற்றிக் கோர்ட்டில் வைத்த நகையை வழக்கு முடியும்வரை பெட்டிக்குள் போட்டுப் பூட்டத் தேவையில்லை, படம் எடுத்து, விவரம் பதிந்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம் என்று 2002-ல் குஜராத் வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் வழிகாட்டியிருக்கிறது.

சிவில் வழக்கில் என்ன கேட்பது என்பதில் ஜாக்கிரதை வேண்டும். குறிப்பிட்ட ஆரத்தைத் திருப்பிக் கொடு என்று கேளுங்கள். குறிப்பிட்ட அசையும் பொருளைத் திரும்பப் பெறுவதற்கு 1963-ம் வருஷத்துக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 7, 8-ம் பிரிவுகள் இருக்கின்றன. பொருள் கிடைக்காவிட்டால் அதற்குப் பதில் எவ்வளவு பணம் என்பதையும் தீர்ப்பில் சொல்ல வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் விதி. அந்தப் பணத்தை "கொடுத்த அன்றைய மதிப்பு" என்று பிராதில் எழுதிவிட்டால் தீர்ந்தது. தங்கம் போகும் போக்கில் வழக்கு முடிவதற்குள் அது பாதிக்குக்கூடக் காணாது. "பணம் செலுத்தும் நாளின் சந்தை மதிப்பு" என்று கேளுங்கள். கோர்ட் முழுதாகத் தருமா என்பது வேறு, கேட்காமல் எதுவும் வராது.

கேரளத்துப் பெண் ஒருவர் வழக்கை இதற்குச் சொல்லலாம். 2003-ல் கல்யாணம், பிறந்த வீட்டில் போட்டது 89 சவரன். பத்திரமாக வைப்பதாகச் சொல்லிக் கணவர் வாங்கித் தன் தாயிடம் கொடுத்தார், அது அவர்கள் பழைய கடனுக்குப் போனது. 2011-ல் குடும்பநல நீதிமன்றம் நகைக்கு 8 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் என்று தீர்ப்பளித்தது. ஹைகோர்ட் அதைத் தள்ளியது. 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், இது சிவில் விவகாரம், கிரிமினல் வழக்குபோல நிரூபணம் கேட்டது தப்பு என்று சொல்லி, காலம் கடந்ததையும் விலைவாசியையும் கணக்கில் எடுத்து 25 லட்சம் தரச் சொன்னது. பெரிய வெற்றிதான். ஆனால் அப்போது சவரன் 50,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 89 சவரனைப் பெருக்கிப் பாருங்கள், 44 லட்சத்துக்கு மேல். கிடைத்தது அதில் பாதியை ஒட்டி.

செலவைப் பற்றி மலைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வழக்குக்குக் கோர்ட் கட்டணம் முன்பு மதிப்பில் ஏழரை சதவீதம், 2017-ல் மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். நகை மதிப்பு நாலு லட்சம் என்று போட்டால் 12,000 ரூபாய். பழைய கணக்கில் 30,000 ஆகியிருக்கும். அதையும் நீங்கள் கட்டத் தேவையிருக்காது. பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, வக்கீலும் கோர்ட் கட்டணமும் சேர்த்து. தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும்.

உங்கள் கணவர் "தங்கச்சி மேல கேஸா" என்று தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே அதே குழுவில் ஒரு மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசலாம். கட்டணம் இல்லை, யாரும் கூண்டில் ஏற வேண்டாம். அங்கே எழுதும் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீலும் கிடையாது; சொன்ன தேதியில் ஆரம் வராவிட்டால் நேரே நிறைவேற்று மனு, தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனா வாசலில் வந்து நிற்பார். வழக்குப் போட்ட பிறகு வெளியே பேசி முடித்தாலும் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று 2021-ல், தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பேசும்போது நடைமுறையில் ஒத்துவரும் முடிவு பெரும்பாலும் இதுதான்: நாத்தனார் கொஞ்சம் பணம் போட, உங்கள் கணவர் கொஞ்சம் போட, இருவரும் சேர்ந்து போய் அடகைத் திருப்பி, அந்தக் கவுண்டரிலேயே நகையை உங்கள் கையில் வாங்கிக்கொள்வது. போட்ட பணத்துக்குத் தனியாகக் கைமாற்றுச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணத்தை நாத்தனார் கையில் கொடுத்து "நீயே போய்த் திருப்பிட்டு வா" என்று மட்டும் அனுப்பாதீர்கள்.

நகைக்குச் சொன்னது மற்றப் பொருளுக்கும் பெரும்பாலும் பொருந்தும், இரண்டைத் தவிர. வண்டியை இரவல் கொடுத்து வரவில்லை என்றால் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்டஈட்டு வழக்கு அவர் தலையில். லைசென்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்திருந்தால் அதற்குத் தனி அபராதம் 5,000. இன்னொன்று மூலப்பத்திரம். ஜாமீன் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போன பத்திரத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது, பணம் வாங்கிச் சமாதானமாகவும் முடியாது. அதையேதான் திருப்பித் தர வேண்டும் என்று கோர்ட்டை உத்தரவிடச் செய்யலாம். சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

உங்களுக்கு இந்த வாரம் இருக்கும் வேலை, அடகுச் சீட்டின் எண்ணையும் தேதியையும் எப்படியாவது பிடிப்பது. உங்களிடம் சொன்ன அந்த உறவுக்காரரிடமே கேளுங்கள், எந்தக் கடை, எந்த வங்கிக் கிளை, எப்போது வைத்தது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.